பாரிவாக்கத்துக்கு வந்த கடற்படைப் படகு

சென்ற தை மாதம், பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கத்தில், பழைய மரம் விற்கும் கிடங்கு ஒன்றில் நடந்தது இது. நான் கண்ணால் கண்டதையும், என் முன்னிலையில் பேசப்பட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். ஏனெனில், இது பொய்யர் என்று பெயரெடுத்த ஒருவரைப் பற்றியது. நான் ஒரு சொல்லைக் கூட்டினாலும் அந்தப் பழி அவர்மேல் மீண்டும் ஏறிவிடும்.

கோவில்பதாகையில் என் எதிர்வீட்டு அம்மையார் ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், தூத்துக்குடிக்காரர். அவருடைய தந்தை, முதலாளி ஒருவரிடம் சரக்கு ஏற்றும் சிறிய மரப்படகு ஒன்றை ஓட்டியவர். போர்க்காலத்தில் அப்படகைக் கடற்படை எடுத்துக்கொண்டு சாம்பல் வண்ணம் பூசியது என்று சாகும்வரை சொல்லிவந்தாராம். சான்று ஏதும் இல்லை. ‘புளுகுக் கப்பல் கேப்டன்’ என்று பெற்ற மகன்களே கேலி செய்தார்கள். மகள் மட்டும் நம்பினார். அவருடன் சேர்ந்து நானும் நெடுநாள் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் பாரிவாக்கத்தில் ஒரு மரப்படகைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினோம்.

முகப்புப் பலகை இழைப்பு இயந்திரத்தின்மேல் ஏறியிருந்தது. சாம்பல் வண்ணம் உதிர்ந்த ஓரிடத்தில், செதுக்கிய எழுத்தொன்று தெரிந்தது: உ.

“நேவி ஏலத்துல எடுத்தது சார். இன்னா அப்டிப் பாக்கறீங்கோ? புள்ளையார் சுழி!” என்றார் கிடங்குக்காரர்.

அம்மையாரின் முகம் வாடிவிட்டது. “அப்பாவோட மொதலாளி மாதா கோயில்ல பூசை தவறாதவுக. அவுக புள்ளையார் சுழியா போடுவாவ? இது அப்பா ஓட்டுன போட்டு இல்ல சார். அப்பா கதைதான் விட்டிருக்காவ போல. வாங்க போவோம்.”

கிடங்குக்காரரின் கை இயந்திர விசைக்குப் போயிற்று. அந்த நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். “அம்மா, உங்க மொதலாளிக்கு எத்தனை படகு?”

“ரெண்டு. ரெண்டுக்கும் ‘சந்தன மாதா’ன்னு ஒரே பேருதான். அப்பா ஓட்டுனது ரெண்டாவது.”

பழைய தமிழ் எண்களில் இரண்டுக்கும் இதே வடிவம்தான் என்றேன்.

“அப்போ புள்ளையாரு ரெண்டாம் நம்பரா சார்?” என்று சிரித்தபடி, கிடங்குக்காரர் ஒரு தகட்டால் எண்ணின் இடப்பக்கம் சுரண்டத் தொடங்கினார். வண்ணம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. முதலில் ‘தா’, அடுத்து ‘மா’. அதற்குமேல் அம்மையாருக்குப் பொறுமை இல்லை. தகட்டைப் பிடுங்கித் தாமே சுரண்டினார். ‘சந்தன மாதா’ என்ற பெயர் முழுமையாக வெளிப்பட்டபோது, நாங்கள் மூவரும் குழந்தைகளைப்போல் கூவினோம்!

உடனே அம்மையார், தூத்துக்குடியில் இருக்கும் தம்பியைக் காணொளியில் அழைத்தார். “ஏலே, கண்ணத் தொறந்து பாருலே! அப்பா கப்பலு!”

பலகையை அருகே காட்டச் சொல்லி, தம்பி பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு, “யக்கா, அந்தப் பலகைய அறுக்க விட்றாத” என்றார்.

“அறுப்பனா அண்ணாத்தே? யக்கா ஊட்டுக்கு நானே எட்த்தாந்து எறக்கறேன்” என்றார் கிடங்குக்காரர்.

ஒருவர் சொல்லுக்குச் சான்று கிடைக்கவில்லை என்பதாலேயே அச்சொல் பொய்யாகிவிடாது என்று, யாரையேனும் ஐயுறும்போதெல்லாம் இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்படகு கடற்படையில் எந்தப் பெயரைத் தாங்கியது, எந்தக் கடல்களில் ஓடியது, போரில் என்ன பணி செய்தது என்பவை எங்களுக்கு இன்னும் தெரியாது.