ஆர்னால்டின் பின்சக்கரம்

மேவிஸ் கிராப்ட்ரீயை ஒரு நாற்காலியில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார வைத்தவர் எங்கள் ஊரில் எவரும் கிடையாது. ஆலையில் ஆறு தறி பார்ப்பாள். சங்கு ஊதி வீட்டுக்கு வந்தால் வாசற்படியைத் தேய்ப்பாள். தேய்த்த படியையே மறுபடி தேய்ப்பாள். அந்த வருஷம் ஆகஸ்டில் அவள் புருஷன் ஆர்னால்டுக்குக் காசநோய் என்று சொல்லி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சானடோரியத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். அதிலிருந்து அவளுடைய இந்த ஓயாத பழக்கம் இன்னும் முற்றிவிட்டது. யாராவது டீ கொடுத்தால் நின்றபடியே குடித்துவிட்டுக் கோப்பையையும் கழுவி வைத்துவிட்டுப் போவாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அங்கே பார்க்க விடுவார்கள். இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை. நவம்பர் மூன்றாவது வாரத்தோடு மலைமேல் போகும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மறுநாளே மேவிஸ் என் கொட்டகைக்கு வந்து நின்றாள். நானும் ஆர்னால்டும் ஒரே சைக்கிள் கிளப், ஒரே ஆலை.

"வால்ட்டர், அவனோட பழைய கறுப்பு வண்டிய குளிர்ல ஓட்டுற மாதிரி பண்ணிக் குடு."

"பனியில மலை ஏறப் போறியா? பதினாலு மைலும்மா! உனக்கென்ன கிறுக்கா?"

"கிறுக்குதான். அவன் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் இருந்தான்ல? வீட்டு ஆளுங்க ரெண்டு ஞாயிறு வரல. சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்தவன் அப்புறம் கரண்டியையே தொடல. இப்ப அந்தக் கட்டில்ல வேற ஆளு. ஆர்னால்டு இப்பவே பாதி திரும்பிட்டான்."

அவள் சொன்னது பொய்யில்லை. கடைசியாக நான் போயிருந்தபோது ஆர்னால்டு என்னிடம் பேசியது ஒரே ஒரு வார்த்தை.

"தொங்குதா?"

தொங்குகிறது என்றேன். அவனுடைய ரேஸ் வண்டியைத்தான் கேட்டான். குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள், அது இரும்பைத் தின்றுவிடும். அதனால் அக்டோபர் வந்தால் ரேஸ் வண்டியைத் துடைத்து, படுக்கையறைச் சுவரில் மாட்டிவிட்டு, பழைய வண்டி ஒன்றைத் தயார் செய்துகொள்வோம். பெண்டாட்டிக்குக் குடை பிடிக்காதவன்கூட எங்கள் கிளப்பில் ரேஸ் வண்டிக்குப் போர்வை போர்த்துவான். நானும் அந்த ரகம்தான், ஒளிப்பானேன்.

மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தானாக ஓடவிடுகிற ஃப்ரீவீல் பழைய வண்டிக்குக் கிடையாது. குளிரில் ஃப்ரீவீல் உறைந்துபோனால் பெடல் சும்மா சுற்றும், வண்டி நகராது. இதில் அந்த வம்பு இல்லை. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலும் சுற்றியே ஆகவேண்டும். வேகத்தைக் குறைப்பதும் காலால்தான். மேவிஸுக்காகவே செய்த வண்டி என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

கறுப்பு வண்டியைப் பிரித்துப் பார்த்தால் பின்சக்கரம் அப்பளமாக வளைந்து கிடந்தது. பெண்டு எடுக்கிற நிலையில் இல்லை. புதுச் சக்கரம் கட்ட கிறிஸ்துமஸ் ஆகிவிடும் என்றேன். மேவிஸ் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். பத்து நிமிடத்தில் ஆர்னால்டின் ரேஸ் வண்டிப் பின்சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஐயோ, கொண்டுபோய் இருந்த இடத்துலயே மாட்டு! அத உப்புல இறக்குறதுக்கு அவன் பல்லப் புடுங்கிட்டுப் போகலாம்."

"பல்லப் புடுங்குனா அது என்னை மலை தாண்டிக் கூட்டிட்டுப் போகுமா? மாட்டு வால்ட்டர். அவன்கிட்ட நீ வாயத் தொறக்காத, அவ்வளவுதான்."

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பயமும்தான். ஆர்னால்டின் உயிரே அந்தச் சுவரில் தொங்குகிறது என்று நான் நிஜமாகவே நம்பினேன். வண்டி முழுசாக இருக்கிறது என்ற நினைப்பில்தான் அவன் மூச்சு ஓடுகிறது. பிரித்துவிட்டோம் என்று தெரிந்தால், தான் இனி வீடு திரும்பப்போவதில்லை என்று இவர்களே முடிவு கட்டிவிட்டார்கள் என்றல்லவா நினைப்பான்?

இருந்தாலும் மாட்டினேன். மட்கார்டு போட்டேன், செயினை மாற்றினேன், அவள் உயரத்துக்கு சீட்டை அடிவரை இறக்கினேன். அவள் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள். கேட்டபோது கொடுத்திருந்தால் உபகாரமாக இருந்திருக்கும்.

ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. அந்தச் சக்கரத்திலும் ஃப்ரீவீல் கிடையாது, பதினாறு பல் உள்ள பல்சக்கரம் இருந்தது. சமதரையில் பந்தயம் ஓட்ட அது சரி. பல் கூடக்கூடத்தான் மிதி லேசாகும், மலை ஏற இருபது பல்லாவது வேண்டும். ஆனால் அது ஆர்னால்டு தன் கையால் முடுக்கியது. அதைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

நவம்பர் கடைசி ஞாயிறு, நடுப்பகலில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு வண்டியில் கிளம்பினோம். ஏற்றத்தில் அவளால் பெடலை மிதிக்கவே முடியவில்லை. முக்கால்வாசி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனாள். உச்சி தாண்டி இறக்கத்தில் களைப்பில் ஒரு நொடி காலை நிறுத்தினாள். பெடல் காலைத் தூக்கியடித்தது. பனியில் போய் விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம். "எந்திரிக்க முடியுதா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் வண்டியில் ஏறிவிட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூணேமுக்கால்.

"நேரம் முடிஞ்சுதும்மா. அடுத்த ஞாயிறு வாங்க," என்று சிஸ்டர் கதவைச் சாத்தினார்.

வண்டியை மரத்துக்குப் பின்னால் ஒளித்துவைப்பதாகத்தான் பேச்சு. மேவிஸ் இருந்த ஆத்திரத்தில் அதையும் உருட்டிக்கொண்டே கட்டடத்தைச் சுற்றி ஓடினாள். ஆர்னால்டின் ஜன்னலைத் தட்டினாள். அவன் சுவர்ப் பக்கம்தான் திரும்பிக் கிடந்தான். மெல்லத் தலையைத் திருப்பினான். அவளைப் பார்த்தான். பிறகு சக்கரத்தைப் பார்த்தான்.

நான் அவசரமாகச் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

தறிக்கூடத்தில் சத்தம் காதைப் பிளக்கும், அங்கே குரல் எடுபடாது. அதனால் எங்கள் ஆட்கள் உதட்டை அசைத்தே ஊர்வம்பு முழுதும் பேசுவார்கள். ஆர்னால்டு சத்தமாகப் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உதட்டுக்கு என்ன தடை? முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் கத்த ஆரம்பித்தான்.

"என் ரேஸ் சக்கரம்! உப்புல! யாருடி மாட்டுனது? அந்தக் கழுதை வால்ட்டரா?"

"நான்தான் மாட்டச் சொன்னேன்!" மேவிஸும் உதட்டால் கத்தினாள். "சுவத்துல தொங்குனா அது என்னை இங்க கொண்டுவந்து சேர்க்குமா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மேவிஸ் என் கையைப் பிடித்தாள். நகம் கையுறையைத் தாண்டி இறங்கியது. ஆளையே கொன்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அவன் கண்ணைத் திறந்தான். "எத்தன பல்லு?"

"பதினாறு," என்று நானும் உதட்டை அசைத்தேன்.

"பதினாறா! அந்த மலையிலயா?" ஆர்னால்டு என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வியர்த்தது. "ஏன்டா மடையா, என் பெண்டாட்டியக் கொல்லப் பாக்குறியா? வீட்ல கட்டிலுக்கடியில பிஸ்கட் டப்பாவுல இருபது பல்லு சக்கரம் இருக்கு, எடுத்து மாட்டு. ஏய் மேவிஸ், ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்குப் போனதும் உப்பு போக அந்தச் சக்கரத்தக் கழுவி வை. மே மாசம் எனக்கு அது பந்தயத்துக்கு வேணும்."

மே மாசம். ஆகஸ்டிலிருந்து அவன் நாளைக் காலையைப் பற்றிக்கூட வாய் திறந்தவன் இல்லை.

மேவிஸ் என் கையை விட்டாள். தறிக்கூடத்துப் பேச்செல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். மூக்கிலும் கண்ணிலும் நீர் ஒழுக, அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி குரலெடுத்துக் கத்தினாள்.

"மே மாசம் நீயே வந்து கழுவிக்கோடா!"