கடைசி டிரிப்பில் ஒரு ஆள் குறைவு

பூண்டியிலிருந்து கொடைக்கானலுக்கு ஜீப் ஓட்டியவர் என் பெரியப்பா. காலையில் கேரட் மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போவார். பள்ளத்துத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வழியில் கோயில் வளைவில் இறங்கிக்கொள்வார்கள். சாயங்காலம் கடைசி டிரிப்பில் அவர்களைத் திரும்ப ஏற்றிவர வேண்டும். காலையில் இறங்கியவர்களில் ஒரு ஆள் மேலேறி வராவிட்டாலும் வண்டி நகராது. உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், சிலர் திட்டவே செய்வார்கள். பெரியப்பா எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

மறதி நோய் வந்து ஜீப்பை விற்ற பிறகும் சாயங்காலமானால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. "சாவிய எங்கடி வச்ச?" என்று பெரியம்மாவைப் பிடுங்கி எடுப்பார். அவர் சொல்வதை மறுத்துப் பேசாதீர்கள், அவர் போக்கிலேயே போங்கள் என்று கொடைக்கானல் டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். சொந்த அண்ணனிடம் பொய் சொல்லச் சொல்லும் டாக்டரை அப்பாவுக்கு அறவே பிடிக்கவில்லை. "வண்டிய வித்தாச்சுண்ணே" என்று தினமும் உண்மையைச் சொல்வார். பெரியப்பாவும் தினமும் அன்றைக்குத்தான் விற்றதுபோலக் கலங்கிப்போவார். அந்த உண்மையால் எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஒருநாள் வாசலில் காயவைத்திருந்த பூண்டின் மேல் தூற்றல் விழுந்தது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் அள்ள ஓடினோம். அள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பினால் பெரியப்பாவைக் காணோம். அப்பா ஓடைப் பக்கம் ஓடினார். அக்கம்பக்கத்து ஆட்கள் காட்டுமாடு இறங்கும் சோலை ஓரம்வரை போய்ப் பார்த்தார்கள். பனி வேறு மூட ஆரம்பித்தது.

அப்போது கொடைக்கானலிலிருந்து ஒரு ஜீப்காரர் வந்து சேர்ந்தார்.

"அண்ணனா? கோயில் வளைவுலல்ல நிக்கிறாரு! நான் கை காட்டுனேன், அவரும் காட்டுனாரே."

அவருக்கு முன்னால் வந்த வண்டிக்காரர்களும் அப்படித்தான் கையைக் காட்டிவிட்டு வந்திருந்தார்கள். அந்த வளைவில் பெரியப்பா நிற்பதை வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய ஊர். அதில் யாருக்கும் எதுவும் தப்பாகத் தோன்றவில்லை.

அதே ஜீப்பில் அப்பாவும் பெரியம்மாவும் ஏறினார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். என்னை இறக்கிவிட யாருக்கும் நேரமில்லை.

கோயில் சுவரோரம் நனைந்தபடி நின்றார் பெரியப்பா. எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வாங்கண்ணே, வீட்டுக்குப் போவோம்" என்றார் அப்பா.

"ஒரு ஆளு வரணும்பா. பொம்பள. விட்டுட்டுப் போனா இருட்டுல அது எப்புடி ஊரு போய்ச் சேரும்?"

"யாரும் வர வேண்டியதில்லண்ணே. வண்டியத்தான் வித்தாச்சே!"

பெரியப்பா சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்பா கையைப் பிடித்து இழுக்க, உதறிவிட்டார். பெரியம்மா கிட்டே போய், "என்னங்க, நான்தான். வாங்க" என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

பெரியப்பா கேலி செய்கிறார் என்று நான் நினைத்தேன். பெரியம்மா ஜீப்பில் கிடந்த காலிச் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பள்ளத்துப் பாதையில் இறங்கிப் பனிக்குள் மறைந்துபோனாள். இவளையும் தேட வேண்டியிருக்குமோ என்று பயந்துபோனேன். சற்றுப் பொறுத்துக் கீழேயிருந்து குரல் வந்தது.

"டிரைவரண்ணே! போயிராதீங்க, நானும் வாரேன்!"

மூச்சு வாங்க மேலேறி வந்தவளைப் பார்த்ததும் பெரியப்பாவின் முகம் தெளிந்துவிட்டது.

"வெரசா வாங்கம்மா. ஒங்களுக்காகத்தான் இம்புட்டு நேரமா நிக்கிறேன்."

புருஷனை அண்ணே என்று கூப்பிடும் பெண்ணை அதற்கு முன் நான் கண்டதில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா மட்டும் ஏனோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆளெல்லாம் ஏறியாச்சு, எடுப்பா வண்டிய" என்று ஜீப்காரரிடம் சொல்லிவிட்டுப் பெரியப்பா தானாகவே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

வீட்டு வாசலில், "பாத்து எறங்குங்கம்மா" என்றார். தான் இறங்கவில்லை.

பெரியம்மா அதற்கும் தயாராக இருந்தாள். "வாங்கண்ணே, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அவர் கூச்சத்தோடு செருப்பைக் கழற்றிவிட்டு, தன் வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைந்தார். துவட்டிவிட்ட தலையோடு காப்பியைக் குடித்து முடித்ததும், அங்கேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். அப்பாடா என்றிருந்தது எல்லோருக்கும்.

மறுநாள் சாயங்காலம் பெரியப்பா சாவியைக் கேட்டபோது, பொய்யே பேசாத அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "வண்டியிலயேதான் இருக்குண்ணே. ஆளுங்க வரட்டும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. பெரியப்பா சரியென்று உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா கொல்லைப்புறமாகச் சுற்றி, சாக்கும் தலையுமாக வாசலுக்கு வந்து டிரைவரண்ணனைக் கூப்பிட்டாள். அன்றும் காப்பி, அன்றும் நல்ல தூக்கம். எங்கள் வீட்டில் சத்தமில்லாமல் கழிந்த சாயங்காலங்கள் அங்கேதான் ஆரம்பித்தன.

"பெரியம்மா, நாளைக்கும் இந்த வெளையாட்டு உண்டா?" என்று அவளைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

"அது ஒங்க பெரியப்பா கையிலல்ல இருக்கு" என்றாள்.

உண்டு என்றுதான் அதற்கு அர்த்தம் என்று எடுத்துக்கொண்டு, சந்தோஷமாகத் தூங்கிப்போனேன்.