முத்துவின் வலிப்பு மாத்திரைக்கு ராஜபாளையம் இரண்டு தடவை

போன சனிக்கிழமை நானும் எங்கள் வீட்டுக்காரரும் கான்சாபுரத்திலிருந்து கிளம்பியது கோயிலுக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. எங்கள் நாய் முத்துவுக்கு வலிப்பு மாத்திரை வாங்க. முந்தின வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை டாக்டர் கையிலிருந்து கொடுத்தது அன்று காலையோடு தீர்ந்துவிட்டது. இனி வெளியில் வாங்க ஒரு சீட்டும் எழுதித் தந்திருந்தார். ஒரு வேளை தவறினாலும் மறுபடி வலிப்பு வரும் என்று சொல்லியிருந்தார். ராத்திரிக்குள் மாத்திரை வேண்டும்.

வத்திராயிருப்பில் எட்டரை மணி டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம், அவருக்கு மட்டும் டிக்கெட். ஜன்னலோரம் கேட்டேன். காசு கொடுத்தவனுக்குத்தான் ஜன்னல் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் கடைகளில் மாத்திரை இருப்பு இல்லை. அங்கிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், பஸ் அடிக்கடி உண்டு.

ராஜபாளையத்தில் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை இருந்தது. கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"அண்ணாச்சி, இதுல முத்துன்னு மட்டும் இருக்கு. யாரு அது?"

"நாய்."

"அப்ப நாய்க்குச் சொந்தக்காரர் பேரும் முகவரியும் வேணும். மொத்தம் எம்புட்டு மாத்திரைன்னும் எழுதணும். இது சும்மா எடுத்துக் கொடுக்கிற மருந்து இல்ல."

"நான் பட்டாளத்துல இருந்தவன் தம்பி. பொய் சொல்லுவேனா?"

"நீங்க சொல்லுறது நெசந்தான். சீட்டுல இல்லையே."

நான் சும்மா இருப்பேனா? "நாயோட முப்பாட்டன் வரைக்கும் டாக்டர்கிட்ட அளந்தீயளே, உங்க பேரச் சொன்னீயளா?" என்றேன். அவருக்குக் காது கேட்கவில்லை. வேண்டாத நேரத்தில் கேட்காது.

மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர். டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார் என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து அறுபது ரூபாய்க்கு ஆட்டோ பிடித்தோம். தன் வண்டியில் சாவி போட்டிருந்த டாக்டர், சீட்டைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்.

"அவசரத்துல விட்டுட்டேன்மா. நாய் யாரு பேர்ல?"

நிலம், வீடு, சிலிண்டர் எல்லாம் அவர் பெயரில்தான். டீக்கடைப் பேச்சில் முத்துவும் அவர் நாய்தான். நான் அவர் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"பேச்சியம்மாள்னு போடுங்க சார்," என்று என் பெயரைச் சொன்னார் அவர். "ஊருக்குள்ள என் நாய்ன்னுதான் சொல்லுவேன். வலிப்பு வந்தா பாக்க மாட்டாம நான் வெளிய போயிருவேன். மடியில போட்டுக்கிடுறவ இவதான்."

நான் டாக்டருக்கு முகவரியைச் சொன்னேன்.

மறுபடி ராஜபாளையம். கடைக்காரர் பதிவேட்டில் எழுதி, சீட்டில் முத்திரையும் தேதியும் வைத்துவிட்டு, "பேச்சியம்மாள் யாரு?" என்று கேட்டார். "நான்தான், நாய்க்குச் சொந்தக்காரி," என்று அடுத்த கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

இப்படி மாத்திரை வாங்கப் போகிறவர்கள் டாக்டர் மேஜையை விட்டு எழும் முன்பே சீட்டைப் பாருங்கள். உங்கள் பெயர், முகவரி, ஒரு வேளைக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் தருவார்கள். மறுபடி வேண்டுமென்றால் அதையும் டாக்டரே எழுதித் தர வேண்டும்.

என் பெயரில் இருக்கிற ஒரே சொத்து அன்று ராத்திரி மாத்திரையைத் தயிர்ச்சோற்றோடு தின்றுவிட்டு, தட்டையும் நக்கிவிட்டு, விடியும் வரை தூங்கியது.