மூன்று புத்தகங்களும் ஒரு பாட்டு கிளாஸும்

1. சேர்ந்த நாள்

புத்தக விமர்சகனாக என்னை முதல் நாளே வேலையை விட்டுத் தூக்கியிருக்க வேண்டும். தூக்காதது செல்லத்துரையின் தப்பு.

பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில், க்ளெய்ம்ஸ் டிபார்ட்மென்டில் முப்பத்து நாலு வருடம் குப்பை கொட்டியவன் நான். ரிடையர் ஆன பிறகு மாட்டுங்கா ஃபிளாட்டில் ஒரே பேப்பரைத் தினமும் மூன்று தடவை படித்துக்கொண்டிருந்தேன். செல்லத்துரை தாராவியில் சின்ன பிரஸ் வைத்திருப்பவர். கல்யாணப் பத்திரிகை அடித்த நேரம் போக எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மாதப் பத்திரிகைக்கு அவரே எடிட்டர், அவரே பிரூஃப் ரீடர். நான் சும்மா இருப்பதைப் பார்த்து ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். இறந்துபோன அப்பாவைப் பற்றி ஒரு மகள் எழுதியது.

எனக்குத் தெரிந்தபடி படித்தேன். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அப்பாவுக்கு இடது முழங்கால் வலி, நூற்றுப்பத்தில் வலது முழங்கால். முரண்பாடு. அப்பாவுக்குத் தன்மேல் பாசம் இருந்ததாக மகள் சொல்கிறாள், அவர் அப்படி ஒரு வார்த்தை பேசியதாக எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆதாரம் போதாது. இப்படி ஒன்பது பாயின்ட் எழுதி, கீழே முழுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

செல்லத்துரை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், இது மதிப்புரையா, க்ளெய்ம் ரிஜெக்‌ஷனா? அந்தப் பிள்ள அப்பன் போன துக்கத்துல எழுதியிருக்கு. நீங்க ஆதாரம் எங்கன்னுல்லா கேக்கீய."

"ஆதாரம் இல்லாம எப்படி சார் நம்பறது?"

"படிக்கும்போது உங்களுக்கு என்ன தோணுச்சோ அத எழுதுங்க. உங்க வீட்டுல நடந்தது எதுவும் ஞாபகம் வந்தா அதயும் சேத்துக்கிடுங்க. நம்ம ஆளுவ அதத்தான் விரும்பிப் படிப்பாவ."

பின்னால் வந்த வினைக்கெல்லாம் விதை இந்த யோசனைதான்.

2. வேரைப் பற்றி நான் எழுதியது

இரண்டாவதாக வந்தது ஒரு நாவல். பிழைக்கப் போன ஊரிலேயே மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பம். பேரன் ஒரு ஃபாரத்தில் 'சொந்த ஊர்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நல்ல கட்டம். உண்மையாகவே மனசைப் பிசைந்தது.

ஆனால் அதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் நான் எப்படி விமர்சகன்? தாய்மொழியை மறந்த இளைய தலைமுறையைப் பற்றி இரண்டு பக்கத்துக்குப் பிரசங்கம் செய்தேன். குற்றவாளிகள் பெற்றோர்களே என்று தீர்ப்பும் வழங்கினேன். எந்தப் பெற்றோர் என்று மட்டும் எழுதவில்லை. என் ஒரே மகள் வித்யாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இங்கிலீஷ் மீடியம், அப்புறம் ஹிந்தி, மராத்தி. அட்மிஷன் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டது சாட்சாத் நான்தான்.

இதில் ஒரு சௌகரியமும் இருந்தது. நான் என்ன எழுதினாலும் அவளால் படிக்க முடியாது.

3. புதன்கிழமை

வித்யா தாணேயில் இருக்கிறாள். மூன்று வருடம் முன்பு மாப்பிள்ளைக்கு ஒரு பெரிய ஆபரேஷன் நடந்தது. அப்போது ஆபீஸ் தோழி ஒருத்தி கூட்டிப்போனாள் என்று மாஹிம் சர்ச்சில் புதன்கிழமை நொவேனா ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தாள். மாப்பிள்ளை தேறிவிட்டார். இவள் போவதை நிறுத்தவில்லை. பம்பாயில் இது ஒரு அதிசயமே இல்லை. எல்லா ஜாதி மதத்தவரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, என் மாத்திரை டப்பாவைச் சரிபார்த்துவிட்டு ரயில் பிடிப்பாள். மனைவி காலமான பிறகு, அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

பக்கத்து ஃபிளாட் ராமநாதன் எங்கள் பஜனை கோஷ்டி ஆள். "வாராவாரம் பொண்ணு வராளே, என்ன விசேஷம்?" என்று ஒருநாள் கேட்டார். "கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பாட்டு கிளாஸ் போறா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வித்யாவும் பக்கத்தில்தான் நின்றாள். அதற்குப் பிறகு அவர் கேட்கும்போதெல்லாம் ராகம் எந்த மட்டில் இருக்கிறது என்றுகூடச் சொல்லி வந்தேன்.

இந்த லட்சணத்தில் மூன்றாவது புத்தகம் வந்தது. மனைவி வேறு சாமியைக் கும்பிட ஆரம்பித்து, ஜெபமாலையை அரிசி டப்பாவில் ஒளித்துவைக்கிறாள். கணவன் ஒருநாள் அதைப் பார்த்துவிடுகிறான். ஒன்றும் பேசாமல் அரிசியால் மூடிவைக்கிறான். பிறகு அந்த டப்பாவை அவன் தொடுவதே இல்லை. படித்ததும் கண் கலங்கியது. அவன் பெருந்தன்மையைக் கொண்டாடி எழுதினேன். செல்லத்துரை சொன்னது ஞாபகம் வர, வீட்டுச் சமாசாரத்தையும் சேர்த்தேன். "எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். மகள் சர்ச்சுக்குப் போவதை அக்கம்பக்கத்தில் பாட்டு கிளாஸ் என்று சொல்லித் திரிகிறார். இந்த அற்ப மனிதர் இந்த நாவலைப் படிக்க வேண்டும்."

எழுதி முடித்ததும் மனசு லேசாயிற்று. என்னை நானே கண்டித்துக்கொண்டேன், பெயர் மட்டும் வெளியே வரவில்லை. ஆஹா, என்ன நேர்மை என்று தோன்றியது.

4. ஃபோன் படித்தது

அடுத்த மாதப் பத்திரிகை வந்த புதன்கிழமை சமையலறையில் டிகாக்‌ஷன் போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் ஒரு பெண் குரல் தமிழ் பேசியது. ரயில்வே அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாத குரல். உற்றுக் கேட்டால் என் வாக்கியங்கள். எட்டிப் பார்த்தேன். வித்யா பத்திரிகைக்கு மேலே ஃபோனைப் பிடித்திருந்தாள். ஃபோன் படித்துக்கொண்டிருந்தது.

"இது எப்போலேர்ந்து?" என்றேன்.

"மூணு மாசமா. நீ எழுதறது எல்லாம் கேட்டுண்டுதான் இருக்கேன்."

குரல் அந்தப் பாராவுக்கு வந்தது. அற்ப மனிதர் என்றது. வித்யா ஃபோனை அணைத்தாள்.

"அப்பா, இந்த ஆள் யாரு?"

"பொதுவா எழுதினதுடி. ஒரு உதாரணத்துக்கு."

"பாட்டு கிளாஸ்னு சொன்னப்போகூட எனக்குக் கோபம் வரலை. நீ பயந்துண்டு சொல்றேன்னு விட்டேன். இப்ப அதையும் வேற யார் தலைலயோ போட்டுட்டியே."

காபியைக் குடிக்காமல் கிளம்பினாள். அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. 'பிஸி' என்று மெசேஜ் மட்டும் வந்தது. மாத்திரை டப்பா காலியானது கூடத் தெரியாமல் இருந்தேன். இனி வரவே மாட்டாளோ என்று உள்ளுக்குள் நடுங்கினேன்.

5. திருத்தம்

பிரஸ்ஸுக்குப் போனேன். சென்ற இதழில் 'ஒருவர்' என்று வந்திருப்பதை 'நான்' என்று திருத்தி வாசிக்கவும் என எழுதி நீட்டினேன். செல்லத்துரை இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"பக்கம் தப்புன்னா திருத்தம் போடலாம். ஆளே தப்புன்னா நான் என்னத்தப் போட? போயி நேர்ல சொல்லுங்க சார்."

வித்யாவுக்கு ஃபோன் செய்தேன். "நாளைக்கு நொவேனா முடிச்சுட்டு வாம்மா" என்றேன். அந்த வார்த்தையை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. "சரி" என்றாள்.

வந்தாள். கீழே லிஃப்ட் வாசலில் காத்திருந்தேன். காய்கறிப் பையுடன் ராமநாதனும் வந்து நின்றார். "என்னம்மா, ரெண்டு வாரமா கிளாஸ் இல்லியா?" என்றார்.

"பாட்டு கிளாஸெல்லாம் கிடையாது. மாஹிம் சர்ச்சுக்குப் போறா. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

ராமநாதன் பையைக் கைமாற்றிக்கொண்டார். "தெரியும் மணி சார். அங்க நாலஞ்சு தடவை பாத்திருக்கேன். என் பேரனுக்காக நானும் வேண்டிண்டிருக்கேன். நீங்க இவ்வளவு சிரமப்பட்டு ராகமெல்லாம் சொல்றேளே, கெடுப்பானேன்னு இருந்தேன்."

வித்யா லிஃப்ட் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது.

மேலே காபி கொடுத்துவிட்டு, மூன்று வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். "அங்க என்னடி வேண்டிக்கறே?"

"ஒண்ணும் வேண்டிக்கறதில்லை. ஆபீஸ்லயும் ஆத்துலயும் எல்லாரும் எங்கிட்ட எதையாவது கேட்டுண்டே இருக்கா. அங்க சும்மா உக்காந்துண்டிருப்பேன். அவ்வளவுதான்."

க்ளெய்ம் கொண்டுவந்த ஒவ்வொருவரையும் நாற்பது கேள்வி கேட்டவன் நான். பெற்ற பெண்ணிடம் இந்த ஒன்றைக் கேட்கவில்லை.

"அடுத்த வாரம் நானும் வரட்டுமா?"

காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். "வா. ஆனா அதுக்கு விமர்சனம் எழுதப்படாது."

புதிதாக மதிப்புரை எழுத வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். புத்தகத்தில் வரும் அப்பாவைத் திட்டுவதற்கு முன்னால் உங்கள் வீட்டு அப்பாவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இந்தக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் வித்யாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் சரி என்றாள். மாஹிமில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்ததைப் பற்றி ஒரு பாரா எழுதியிருந்தேன். அதை மட்டும் எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன்.