தகர ரோபோவுக்கு ஒரு கைடு

பழைய சாமான் வியாபாரத்தில் சாமான் ஒருநாளும் பொய் சொல்லாது. கொண்டுவருகிறவர் சொல்வார், வாங்குகிறவர் சொல்வார், நடுவில் உட்கார்ந்திருக்கிற நாம் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வோம். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிற என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் கடை. வெண்கலப் பானை, சுவர்க்கடிகாரம், கிராமபோன் பெட்டி என்று பிழைப்பு நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. தொண்ணூறுகளில் மெட்ராஸ் வியாபாரிகளுக்குத் திடீரென்று தகர பொம்மைப் பைத்தியம் பிடித்தது. சாவி கொடுத்தால் நடக்கிற ஜப்பான் ரோபோ ஒன்று இருக்கிறது என்றால் போதும், அடுத்த ரயிலில் வந்து இறங்கிவிடுவார்கள். ஆனால் எது அசல், எது அதைப் பார்த்து ஹாங்காங்கில் அடித்த நகல் என்று சொல்ல எங்கள் ஊரில் ஒரு நாதி கிடையாது. அதற்கென்றே வெளிநாட்டில் கைடு புத்தகங்கள் இருக்கிறதாகக் கேள்விப்பட்டேன். அதில் நல்லதாக ஒன்றை வாங்கப்போய் நான் அடைந்த அதிர்ச்சிகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நெஞ்சுவலிக்காரர்கள் பைய வாசிக்கவும்.

போலியாக இருக்கட்டும்

மேலப்பாளையத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் மைதீன், இளையவர் காதர். இரண்டு பேருக்கும் நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒருவர் கடையின் இந்தக் கோடியில் நின்றார், மற்றவர் அந்தக் கோடியில் நின்றார். மூத்தவர் என்னைப் பார்த்து, "பையைத் திறக்கச் சொல்லுங்க" என்றார். இளையவர் என்னைப் பார்த்து, "திறக்கேன்னு சொல்லுங்க" என்றார். தபால்காரன் வேலை எனக்கு. பையிலிருந்து ஒரு தகர ரோபோ வந்தது. வெள்ளி உடம்பு, சிவப்புக் கால், நெஞ்சில் சின்னக் கண்ணாடிச் சன்னல். சாவி கொடுத்துவிட்டதும் சன்னலுக்குள் தீப்பொறி பறக்கத் தக்கு தக்கென்று நடந்தது. முதுகில் ஒரு வட்டம், அதற்குள் இரண்டு இங்கிலீஷ் எழுத்து. செய்த கம்பெனியின் முத்திரை அது. எந்தக் கம்பெனி என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அவர்களுடைய வாப்பா பினாங்கில் ஜவுளிக்கடையில் இருந்தபோது வாங்கிவந்தது. அவர் மௌத்தான பிறகு வீடு, தறி, பாத்திரம் எல்லாம் ஒரு சொல் இல்லாமல் பாகம் பிரிந்துவிட்டது. மிஞ்சினது இந்தப் பொம்மை. அண்ணனுக்கு இதை விற்றுப் பங்கு போட வேண்டும். தம்பிக்கு வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். பேச்சு முற்றி, ஒரே வீட்டில் இருந்துகொண்டு சலாம்கூடச் சொல்லாத அளவுக்குப் போய்விட்டது. சொந்தக்காரர்கள் கூடி ஒரு முடிவு சொன்னார்களாம்: கைடு புத்தகம் அசல் என்று சொன்னால் விற்று ஆளுக்குப் பாதி, நகல் என்று சொன்னால் தம்பிக்கு. அதுவரை பொம்மை உம்மாவின் அலமாரியில். ஆக, ஒரு குடும்பத்தின் தலையெழுத்து நான் வாங்கப்போகிற புத்தகத்தில் இருந்தது. அண்ணன் படியிறங்கிப் போனதும் தம்பி மட்டும் திரும்பி வந்தார். தன் சாமான் அசலாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வேண்டுதலை என் தொழிலில் நான் கேட்டதில்லை. "அது போலின்னு சொல்லுத புத்தகமாப் பாத்து வாங்குங்க அண்ணாச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

எந்தப் பாடம்?

முதலில் டவுனில் ஒரு பெரிய புத்தகக் கடைக்குப் போனேன். அங்கே பல வருஷம் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு ஆள் மேஜையில் இருந்தார். "ரோபோவுக்குக் கைடு இருக்கா?" என்று கேட்டேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "எந்த கிளாஸுக்கு?" என்றார். பொம்மைக்கு என்றேன். "எல்.கே.ஜி.க்குமா வச்சுட்டானுவ?" என்று வருத்தப்பட்டார்.

நான் வியர்த்து விறுவிறுத்து, இது பரீட்சைக்கு இல்லை, பழைய பொம்மைகளை அடையாளம் காட்டுகிற புத்தகம் என்று விளக்கினேன். அவர் உள்ளே போய், அட்டையில் கம்ப்யூட்டர் படம் போட்ட ஒரு தடித்த கைடைக் கொண்டுவந்து டொப்பென்று போட்டார். இதற்கு மூலப் புத்தகம் எங்கே என்றாவது தெரிந்துகொள்ளலாமே என்று கேட்டுவைத்தேன். அவர் சொன்ன பதிலைக் கேட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிற நானே ஆடிப்போய்விட்டேன். "கைடு வந்துட்டு அண்ணாச்சி, பாடம்தான் இன்னும் வரல."

கல்யாண ஆல்பம்

அடுத்தது காதர் பாயின் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த புத்தகம். அண்ணன் அதை ஏற்க மாட்டேன் என்றார். தம்பி பக்கத்து மச்சான் கொண்டுவந்தது தம்பி பக்கம்தானே பேசும் என்பது அவர் வாதம். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. புத்தகம் அம்மிக்கல் கனம். வழவழப்புத் தாள், பக்கத்துக்கு ஒரு ரோபோ. எல்லாம் நேருக்கு நேர் நின்று நம்மை முறைக்கிறது. பக்கம் பக்கமாகத் தள்ளினேன். ஒரு பொம்மையாவது முதுகைக் காட்ட வேண்டுமே. முதுகு இல்லை, உள்ளங்கால் இல்லை, முத்திரை இல்லை. பெண் பார்க்கப் போய்ப் பெண்ணின் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு வந்த கதையாகிவிட்டது.

இன்னொன்றையும் கவனித்தேன். எல்லாப் பொம்மையும் ஒரே பச்சை விரிப்பில் நிற்கிறது. எல்லாவற்றின் கீழேயும் 'மிக அபூர்வம்' என்று எழுதியிருக்கிறது. முன்னுரையைக் காதர் பாய் எழுத்துக்கூட்டி வாசித்தார். எழுதினவரே இவற்றை விற்கிறவராம். விற்கிறவன் தன் சரக்கைப் பற்றி எழுதினால் எப்படி எழுதுவான் என்று எனக்குத் தெரியாதா? நானும் விற்கிறவன்தானே. காதர் பாய் புத்தகத்தை மூடிக் கைக்குட்டையால் துடைத்து என்னிடம் நீட்டினார். "அவரு வீட்டுக் கல்யாண ஆல்பத்தை அச்சடிச்சு ஊருக்கெல்லாம் வித்திருக்காரு அண்ணாச்சி."

தங்கசாலை

மூன்றாவதாக ஒரு விலைக் கைடு வந்தது. பஞ்சாங்கம் மாதிரி பொடி எழுத்து, படமே கிடையாது. ஒவ்வொரு பொம்மைக்கும் நிலைமையைப் பொறுத்து மூன்று விலை போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் உயர்ந்த நிலைமைக்கு 'மின்ட்' என்று பெயர். புதினாவுக்கும் பொம்மைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. கடைக்குக் கடிகாரம் பார்க்க வந்திருந்த பாளையங்கோட்டை ஞானராஜ் சார், ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார், பொறுமையாக விளக்கினார். அது நாணயம் அடிக்கிற தங்கசாலையாம். அங்கிருந்து அப்போதுதான் வந்த காசு மாதிரிப் பளபளவென்று, ஒரு கை படாமல் இருக்க வேண்டுமாம். கூட நின்ற மைதீன் பாய் காதில் 'பளபள' வரைக்கும்தான் விழுந்திருக்கிறது. 'கை படாமல்' விழவில்லை.

அது நோன்பு தொடங்கப்போகிற சமயம். மேலப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பும் பாத்திரம் விளக்குதலுமாக இருக்கும். மறுவாரம் மைதீன் பாய் சிரித்த முகமாகக் கடைக்கு வந்து மேஜையில் ஒன்றை வைத்தார். புது எண்ணெய் டின்னுக்குக் கையும் காலும் முளைத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை. சிவப்புக் கால் எங்கே? கண் எங்கே? திருப்பிப் பார்த்தேன். முதுகு மொட்டை. வட்டமும் இல்லை, எழுத்தும் இல்லை. விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். உம்மாவை அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லி, அண்டா குண்டாவோடு சேர்த்து விளக்கி வாங்கி வந்திருக்கிறார். நான் உட்கார்ந்துவிட்டதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "எப்படி அண்ணாச்சி, தங்கசாலையில இருந்து இப்பந்தான் எறங்கி வந்தாப்ல இல்ல?"

கட்டம் கட்டிய பக்கம்

வரக் கூடாத நேரத்தில்தான் நல்லது வரும். மெட்ராஸ் வியாபாரியை எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டுக் கெஞ்சிக் கேட்டிருந்த கைடு அந்த வாரமே வந்து சேர்ந்தது. இதுவல்லவா கைடு. முன்பக்கம், பின்பக்கம், உள்ளங்கால், சாவித் துவாரம், நகலை அசலிலிருந்து பிரித்துக் காட்டுகிற திருகாணி வரைக்கும் படம். முத்திரைகளுக்கென்றே தனிப் பகுதி. முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது: கழுவாதே, தேய்க்காதே, பெயின்ட் போனால் எல்லாம் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூத்தவர் கொண்டுபோன பொம்மையைத் தம்பி பார்த்திருப்பார், அங்கே இந்நேரம் வெட்டுக்குத்து ஆகியிருக்கும் என்று பதறிக்கொண்டு, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கி மேலப்பாளையம் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலிலேயே சத்தம் கேட்டது. உள்ளே அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முத்திரைப் பகுதியை விரித்து, முதல் எழுத்து என்ன, நினைவிருக்கிறதா என்று கேட்டேன். ஒருவர் 'கே' என்றார். மற்றவர் 'எஸ்' என்றார். எனக்கோ வட்டம் மட்டும்தான் நினைவில் இருந்தது. வட்டத்துக்குள் இரண்டு எழுத்து அந்தப் புத்தகத்தில் பக்கம் பூராவும் கிடந்தது. அவர்களுடைய உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டீயோடு வந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, மத்த இடம் போனாலும் போவுது, அந்த முதுகையாவது தேய்க்காம விட்டிருக்கக் கூடாதா?" என்றேன். அவர் டீயை வைத்துவிட்டு, "முதுகைத்தான் தம்பி முதல்ல தேச்சேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பதறவே இல்லை. "மூத்தவன் தங்கசாலை அது இதுன்னு சொல்லித்தான் அலமாரியில இருந்து எடுத்து விளக்கச் சொன்னான். எழுத்துல கை பட்டா விலை போவாதுன்னு எனக்குத் தெரியாதா? அந்த எழுத்து இருக்கப்போய்த்தானே இவனுவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சானுவ" என்றார். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, "கேட்டியாலே காதரு, இது அடுக்குமா?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார். தம்பி, அண்ணனைக் காக்கா என்று முறைவைத்துக் கூப்பிட்டு, "வாப்பா பாத்துப் பாத்து வாங்கின நெறம் காக்கா அது, எல்லாம் போச்சு" என்று அழாக்குறையாகச் சொன்னார். இத்தனை மாதத்தில் அவர்கள் நான் நடுவில் இல்லாமல் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான். உம்மா மொட்டை ரோபோவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "காலையில இருந்து ரெண்டு பேரும் என்னை ஏசுதானுவ தம்பி. ஆனா சேந்துல்லா ஏசுதானுவ."

ஆகவே சக பாவிகளே, கைடு வாங்குவதென்றால் முதல் பக்கத்திலேயே 'தேய்க்காதே' என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பதையே வாங்குங்கள். அதை வாசிக்காமலேயே தெரிந்துகொண்டு தேய்க்கிற தாய்மாருக்கு எந்த நாட்டிலும் இன்னும் கைடு வரவில்லை.