ஹால் டிக்கெட்டும் என் மொட்டையும்

இன்று மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார், ஹால் டிக்கெட்டைக் காணோம். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் முருகன் படத்தின் முன் கண்ணை மூடி நின்றேன். "நீதான்பா காப்பாத்தணும். கெடச்சா வள்ளிமலைக்கு வந்து மொட்டை போடறேன்."

"சாமி பாத்துப்பாரு, நீங்க பீரோ மேல பாருங்க!" என்று கத்தினாள் மனைவி.

"நம்பிக்கை வேணும்டீ."

மகள் படத்தை நகர்த்தினாள். பின்னால் ஹால் டிக்கெட், மூலையில் குங்குமப் பொட்டோடு.

"நைனா, ஆசீர்வாதம் வேணும்னு நேத்து நீதான இங்க வெச்ச?"

ஆமாம், நான்தான்.

கொடுத்ததை முருகன் பத்திரமாகத்தான் வைத்திருந்தான். அவனை நம்பலாம், என்னைத்தான் நம்ப முடியாது.

ஆட்டோ கிளம்பியதும் மனைவி கேட்டாள்: "மொட்டை எப்போ?"

இந்த வேண்டுதல் செல்லுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இருக்கிற முடியே கம்மி.