ஆறு மாதமும் ஓர் இலை வண்டியும்

ஊர் திரும்பிய அன்று என் பையில் திரும்பிப் போவதற்கான டிக்கெட்டும் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் "எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்துட்டேன்" என்று சொல்லியிருந்தேன். கம்பெனியில் "லீவில் போகிறேன்" என்று சொல்லியிருந்தேன். இரண்டு இடத்திலும் நம்பினார்கள்.

ஓமனில் பதினாறு வருடம் தண்ணீர் டேங்கர் ஓட்டியவன் நான். ஆறு மாதத்துக்கு மேல் அந்த நாட்டுக்கு வெளியே தங்கினால் விசா போய்விடும். அதற்குள் எப்போது வந்தாலும் உன் வண்டி உனக்குத்தான் என்று எங்கள் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அவர் பாலக்காட்டுக்காரர், சொன்னால் செய்வார். ஆறு மாதம் நிறைய நாள்தானே, அதற்குள் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் என்னால் பிழைக்க முடியுமா என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

எனக்குப் பயந்த சுபாவம். எட்டாம் வகுப்பில் அரைப் பரீட்சைக்குப் பயந்து ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தேன். பிறகு போகவே இல்லை, லாரியில் கிளீனராக ஏறிவிட்டேன். வண்டியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போடுவேன், கியரில் போடுவேன், சக்கரத்துக்கு அடியில் கல்லும் வைப்பேன். ஓமனில் தட்டையான மணலில் நிறுத்தினாலும் கல் தேடுவேன். அங்கே என்னோடு இருந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் பதினாறு வருடத்தில் என் டேங்கரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு நீலகிரி மலையில், மஞ்சூருக்குப் பக்கத்தில். நான் போகும்போது என் மனைவி கூலிக்கு இலை பறித்துக்கொண்டிருந்தாள். நான் வரும்போது இலை ஏஜெண்ட் ஆகியிருந்தாள். கால் ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள் முப்பது பேரிடம் பச்சை இலையை எடுத்து, மலைக்குக் கீழே இருக்கும் பாக்டரிக்கு அனுப்புவது அவள் வேலை. அதற்கென்று ஒரு பழைய பிக்கப் வண்டி, ஒரு டிரைவர். காலை ஏழு மணிக்கெல்லாம் அவளுக்கு போன் வர ஆரம்பித்துவிடும். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அவள் யார் யாரையோ அதட்டுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாவது வாரம் அந்த டிரைவருக்கு கத்தாருக்கு விசா வந்துவிட்டது. என்னிடமே வந்து சூட்கேஸ் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று விசாரித்துவிட்டுப் போனான்.

"நாளையில இருந்து நீங்கதானுங்க டிரைவர்" என்றாள் மனைவி.

"வேற ஆள் பாக்கலாமே."

"ஏனுங்க, ஊட்ல ஒரு டிரைவர் உக்காந்து டீ குடிச்சுட்டு இருக்கறப்ப வெளிய ஆள் தேடுனா சனம் சிரிக்காதுங்களா?"

மறுநாள் காலை வண்டியின் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். எதிரே ஸ்டீரிங் இல்லை. அங்கே பதினாறு வருடமும் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டிய பழக்கம். மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"அது என்ற சீட்டுங்க. உங்குளுது அந்தப் பக்கம் இருக்குது."

இலை கொடுக்க வந்திருந்த அக்கா ஒருத்தி இதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த அக்காவுக்கு நான்தான் பொழுதுபோக்கு. "துபாய்க்காரரே, மூட்டையப் பாத்துத் தூக்குங்க. அங்கெல்லாம் மிசின்தான தூக்கும்?" என்பாள்.

"துபாய் இல்லீங்க அக்கா, ஓமன்."

"ரெண்டும் ஒரே மணல்தான, போங்க."

சிரிப்பு எனக்குப் பெரிய விஷயம் இல்லை. ரோடுதான் விஷயம். ஓமனில் நான் ஓட்டிய ரோட்டைக் கோடு போட்டு வரைந்துவிடலாம். இங்கே நூறடி நேராகப் போனால் அதிசயம். ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே எதுவும் தெரியாது. நான் இந்த ரோட்டில் ஓட்டிப் பழகியவன்தான். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று கற்றுக்கொண்டதும் இங்கேதான். ஆனாலும் முதல் வளைவில் இறங்கும்போதே பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. பக்கத்தில் மனைவி போனில் பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் நின்று, ஹாரன் அடித்து, எட்டிப் பார்த்து, பிறகுதான் திரும்புவேன். பின்னால் வருகிற எல்லோருக்கும் வழி விடுவேன். ஒரு மணி நேரப் பயணத்துக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. பத்திரமாகப் போகிறோம் என்றுதான் நினைத்தேன்.

பச்சை இலை மூட்டைக்குள் மூச்சு விடும். நேரம் ஆக ஆக உள்ளே சூடேறும், சூடேறினால் சிவக்கும், சிவந்த இலையை பாக்டரி எடுக்காது. இது எனக்குத் தெரியாததில்லை, மறந்திருந்தேன். நல்ல வெயில் அடித்த ஒரு நாள், பாக்டரியில் இலை பார்க்கிறவர் மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டார். எடுத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"அக்கா, நீங்களே கைய வச்சுப் பாருங்க. வெந்துருச்சு."

எட்டு மூட்டைகளைத் திருப்பிவிட்டார்கள். வரும் வழியில் மனைவி இறங்கி, அந்த எட்டையும் தன் கையாலேயே ஒரு செடிக்காட்டுக்குள் எருவாகக் கொட்டினாள். நானும் இறங்கினேன். "நீங்க இருங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். மறுநாள் இரண்டு பேர் இலையை வேறு ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை சோறு போடும்போதுதான் வாயைத் திறந்தாள். "நீங்க பயப்படறது தப்புன்னு நான் சொல்லலீங்க. எலைக்கு அது தெரியாதுங்கல்ல?"

சாப்பிட்டுக் கை கழுவினேன். வீட்டுக்கு மேலே இருக்கும் மேட்டுக்குப் போய், சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து நின்று, சூப்பர்வைசருக்கு போன் போட்டேன்.

"நீ வா. வண்டி இவிடத்தன்னே நிக்குது" என்றார். "தேதி மறக்கண்டா."

மறக்கவா செய்வேன்! எத்தனை நாள் மீதி என்று தினமும் பல் துலக்கும்போது எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

என் அப்பாவும் ஊர் திரும்பியவர்தான். இலங்கையில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவரை, இதுதான் உன் நாடு என்று இங்கே அனுப்பிவைத்தார்கள். பார்த்தே இராத நாட்டுக்கு ஒருவர் எப்படித் திரும்பி வர முடியும் என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "கப்பல்ல ஏறினா வரலாம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். வந்த மறு வாரமே ரோடு போடும் வேலைக்குப் போனாராம். அவருக்குத் திரும்பிப் போக வழி இல்லை, அதனால் இங்கே வேலை பார்த்தார். எனக்கு வழி இருந்தது. அதனால் ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்துக்கொண்டு கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தேன். மேட்டிலிருந்து இறங்கும்போது இப்படித்தான் தோன்றியது. ஆனாலும் டிக்கெட்டைக் கிழிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். பயத்தை விடச் சொன்னால் என்னால் விட முடியாது. சரி, அதற்கும் ஒரு வேலை கொடுப்போம் என்று, பாக்டரியிலிருந்து காலி வண்டியில் ஏறி வரும்போது ஒவ்வொரு வளைவாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். எந்த வளைவுக்கு மேலே ஒதுங்க இடம் இருக்கிறது, எங்கே ஓடை, எங்கே தண்ணீர்த்தொட்டி, எங்கே மண் இளகியிருக்கிறது, எங்கே கைப்பிடிச் சுவர் உடைந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டுக்கூட மனப்பாடம் செய்யாதவன் நான். இந்த நோட்டை ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்தேன். நேரம் இரண்டு மணியிலிருந்து ஒன்றேகால் ஆயிற்று, பிறகு ஒரு மணி ஆயிற்று. வேறு ஏஜெண்டிடம் போன இரண்டு பேரில் ஒருவர் எங்களிடமே திரும்பி வந்தார்.

ஆறு மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று மழை விட்டுவிட்டுப் பெய்து, மத்தியானத்திலேயே மேகம் ரோட்டில் இறங்கிவிட்டது. வண்டி நிறைய இலை. முன்னால் பத்தடிதான் தெரிந்தது. மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே நான் வந்தபோது, கீழே வளைவில் மஞ்சளாக இரண்டு விளக்குகள். பஸ், நிறைய ஆட்களோடு ஏறி வந்தது.

மலையில் ஏறிவரும் வண்டிக்குத்தான் வழி. அந்த வளைவில் பஸ்ஸைப் பின்னால் இறக்குவது கஷ்டம். நான்தான் பின்னால் ஏற வேண்டும், லோடோடு, ஈர ரோட்டில், எதுவும் தெரியாத மேகத்தில்.

"பின்னால ஒரு ஜீப்பு நிக்குதுங்க. நான் எறங்கி ஒதுங்கச் சொல்றேன்" என்றாள் மனைவி.

"அவன அந்தத் தண்ணித்தொட்டி வரைக்கும் போகச் சொல்லு. அதுக்குக் கீழ ரெண்டு வண்டிக்கு எடமில்ல. நான் உடஞ்ச செவுருகிட்ட ஒதுங்கிக்கறேன்."

அவள் இறங்கவில்லை, ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். "இந்த மேகத்துல செவுரு எங்க தெரியுதுங்க?"

"தெரியல. நாப்பதடி மேல இருக்குது. நீ போ."

ஜீப் பின்வாங்கும் சத்தம் கேட்டது. நான் ரிவர்ஸ் போட்டேன். பயமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் எங்கே ஸ்டீரிங்கை ஒடிக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. முதலில் ஓடை, அதன் மேல் சக்கரம் ஏறும்போது ஒரு குலுக்கல் இருக்கும். இருந்தது. அதற்குப் பிறகு பத்தடி நேர், பிறகு மண் திட்டுப் பக்கமாக ஒடிக்க வேண்டும். ஒடித்தேன். கண்ணாடியில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. உடைந்த சுவரின் கல் ஜன்னலுக்கு நேராக வந்ததும் நிறுத்தினேன். வண்டிக்கும் திட்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

பஸ் உறுமிக்கொண்டு ஏறி, என் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "நாங்க எறங்கி டீ சாப்டுட்டு வரலாம்னு இருந்தோம். அதுக்குள்ள எடுத்துட்டீங்க" என்றார்.

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அண்ணே, இந்த ரோட்டுக்குப் பழைய ஆளா?"

"பழைய ஆளுதான்" என்றேன்.

மனைவி மழைத்துணியைப் போர்த்தியபடி வந்து ஏறினாள். "நாப்பதடியா? நான் நடந்து பாத்தேன், சரியா இருக்குதுங்க" என்றாள். அவள் யாரையும் லேசில் பாராட்டமாட்டாள். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷம் பாதிதான். மீதிப் பாதி, இவளை நான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது.

பாக்டரி வாசலில் எங்களுக்கு முன்னால் ஆறு வண்டிகள் நின்றன. அங்கே வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிக்கெட், லீவ், விசா, மேட்டிலிருந்து பேசிய போன் எல்லாம். அவள் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது.

"எத்தன நாள் இருக்குது?"

"பன்னெண்டு."

"அஞ்சு மாசமா பக்கத்துல உக்காந்து வாரேன். வாயில வரலீங்களா?"

"பயமா இருந்துச்சு."

"எல்லாத்துக்கும் அதையே சொல்லுங்க." குரல் உடைந்தது, உடனே சரி செய்துகொண்டாள். "இருங்கன்னும் நான் சொல்ல மாட்டேன், போங்கன்னும் சொல்ல மாட்டேன். பதினாறு வருசத்துக்கு முன்னால என்னக் கேட்டுட்டா போனீங்க? ஆனா எனக்கு முப்பது பேரு எலை இருக்குது. அது பன்னெண்டு நாளக்கி அப்பறமும் மொளைக்கும்."

சொல்லிவிட்டு, என் முன்னாலேயே போனை எடுத்து கேத்தி ஊரில் ஒருவரைக் கூப்பிட்டாள். காரட் லோடு அடிக்கிற டிரைவர். பன்னிரண்டு நாள் கழித்து இலை வண்டிக்கு வர முடியுமா என்று கேட்டாள். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவள் கோபத்தில் செய்ததில்லை அது. பிழைப்பு நடத்துகிறவள் செய்ய வேண்டியதைச் செய்தாள். ஆனால் எனக்கு வேறு என்னமோ ஆனது. என் இடத்தில் இன்னொருவன் உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஓமனில் அந்த டேங்கரை இந்த ஆறு மாதமாக வேறு யாரோதான் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அதற்காக ஒரு நாள்கூட வயிறு எரிந்ததில்லை.

அன்று இறக்கிய இலையை இலை பார்க்கிறவர் கையை விட்டுப் பார்த்து, "ஜில்லுனு இருக்குதுக்கா" என்றார். ஒரு மூட்டைகூடத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நாலு நாள் மனைவி என்னிடம் வேலைப் பேச்சு மட்டும் பேசினாள். ஐந்தாவது நாள் காலையில், முதல் நடைக்கு இலை ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில், எல்லோரும் கேட்க சூப்பர்வைசருக்கு போன் போட்டேன். விசாவை கேன்சல் செய்யச் சொன்னேன்.

"ஒறப்பாணோ, நிச்சயமாயிட்டு?" என்றார். "பின்னே வந்து கரஞ்சு அழுதிட்டு கார்யமில்ல, கேட்டோ."

"ஒறப்புதாங்க. டேங்கரை இப்ப ஓட்டிட்டிருக்கற பையனுக்கே குடுத்துருங்க."

துபாய்க்காரரே என்று கூப்பிடும் அக்கா மூட்டையைப் போட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றாள். மனைவி இலையை நிறுத்துக்கொண்டிருந்தாள், தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நிறுத்து முடித்ததும் தன் போனை என்னிடம் நீட்டினாள்.

"கேத்திக்காரரு வாரேன்னு நேத்து சொல்லிட்டாருங்க. நான் வரச் சொன்னேன், இப்ப வேண்டாம்னு நான் சொன்னா நல்லாருக்காது. நீங்களே சொல்லுங்க."

கூப்பிட்டேன். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருப்பார் போல, சத்தமாகக் கேட்டது. சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும், இலை வண்டிக்கு இனி ஆள் தேவையில்லை என்றேன்.

"ஏனுங்க, ஆள் கெடச்சாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"ஓட்டிருவாரா? அந்த ரோடு லேசுப்பட்டதில்லீங்களே. யாரு ஆளு?"

மனைவி கடைசி மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு, வலது பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தானுங்க" என்றேன். "ஓட்டிருவேன்."